குன்னூரில் ஓர் அறை முழுக்க ஸ்டாண்டர்ட் கார் சாமான்: பிரித்து விற்கலாமா?

சாரல்குன்னூர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது ஒரு யோசனை தேவைப்படுகிறது.

என் பெரியப்பா கோயம்புத்தூரில் ஒரு கார் ஒர்க்ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் குன்னூர் வீட்டுக்கே வந்துவிட்டார். சொந்தமாக ஒரு கார் வாங்கியதில்லை, ஓட்டவும் தெரியாது. ஆனால் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் கார்கள் என்றால் உயிர். மாடி அறை முழுக்க அதுதான். வான்கார்டு, டென், பென்னன்ட், ஹெரால்டு, கெஸல், கடைசியாக வந்த 2000 வரை எல்லாவற்றிலிருந்தும் ஏதாவது ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் கொடி போட்ட எனாமல் பேட்ஜ், பானட் எழுத்துகள், வீல் கப், ஜாக்கி, ஸ்பேனர் பை, டீலர்கள் கொடுத்த சாவி வளையம், காலண்டர், விளம்பரத் தாள்கள், ஓனர் கையேடு, பார்ட்ஸ் லிஸ்ட், சர்வீஸ் சுற்றறிக்கை, அப்புறம் ஒர்க்ஷாப்பில் ஒவ்வொரு வண்டியின் குறையும் வேலையும் எழுதுகிற, சணல் போட்டுக் கட்டிய ஜாப் கார்டுகள்.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். உலோகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து நல்ல விலை சொன்னார். காகிதம் வேண்டாம் என்றார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் "கொடுத்துவிடு, காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடு" என்கிறான். பெரியப்பா, "மொத்தமா யாராவது எடுத்தா குடு. பிரிக்காதே" என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார். வயது 78. முழங்கால் வலி, மாடி ஏறுவதே அபூர்வம்.

இதற்கிடையில் போன ஐப்பசி மழைக்குப் பிறகு பாதிக் காகிதத்தில் பூசணம். எங்கே ஆரம்பிப்பது?

பழையஇரும்பு

ஆஹா! புகைப்படம் போடுங்கள் நண்பரே, சாப்பாடு இறங்காது. கெஸல் பேட்ஜ் இருக்கிறதா? அந்தக் கார் 1972 முதல் 1977 வரைதான் வந்தது. ஓடுகிற வண்டியே விரல் விட்டு எண்ணலாம், பேட்ஜுக்கு எங்கே போவது? பெங்களூர்க்காரர் சொன்ன விலையை இங்கே எழுதாதீர்கள். அதற்குள் கொடுத்தும் விடாதீர்கள்.

மேட்டுப்பாளையம்_பட்டறை

தம்பி, ஹெரால்டு என்றதும் கை பரபரக்கிறது. எங்கள் பட்டறைக்கு மலை ஏறுகிற வண்டியும் வரும், இறங்கி வந்து பிரேக் தேய்ந்த வண்டியும் வரும். அம்பாசிடருக்குள் தலையை விட்டு வேலை பார்த்தவனுக்கு ஹெரால்டு சொர்க்கம். பானட், இரண்டு பக்க மட்கார்டு எல்லாம் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வளைகிற வட்டமும் 25 அடிதான். குன்னூர் மலையின் 14 கொண்டை ஊசியையும் ரிவர்ஸ் போடாமல் எடுக்கலாம்.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். பின்னால் குறுக்குப் பட்டை ஸ்பிரிங், ஸ்விங் ஆக்ஸில், அதாவது இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாக நுழைந்து பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். கெஸலில் இதை மாற்றி நேர் ஆக்ஸில் போட்டார்கள்.

ஏறும்போது மூச்சு வாங்கும். 948 சி.சி. எஞ்சின், அதிலும் ஊட்டி உயரத்தில் காற்று மெலிந்து சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். நான்கு பேரும் பெட்டியும் ஏறினால் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போகும்.

சரி, என் கேள்வி இது. பார்ட்ஸ் லிஸ்ட் என்றீர்களே, நான்கு கதவு ஹெரால்டான மார்க் 3 உடையதா?

சாரல்குன்னூர்

பழையஇரும்பு அண்ணா, கெஸல் பேட்ஜ் இருக்கிறது, ஒரு முனை உடைந்து. பட்டறை அண்ணா, பார்ட்ஸ் லிஸ்ட் மூன்று நான்கு இருக்கின்றன, எது எதற்கு என்று பெரியப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் மலை ஏறுவதைச் சொன்னதும் மாடிக்குப் போய் ஜாப் கார்டு கட்டு ஒன்றைப் பிரித்தேன். மஞ்சள் அட்டை, ஹெரால்டு வண்டி. வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற கட்டத்தில் பென்சிலில் "பர்லியார் தாண்டினால் கொதிக்கிறது". அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் "ஃபேன் பெல்ட் லூஸ், டைட் செய்தது. ரேடியேட்டர் மூடி வாஷர் புதிது". ஓரத்தில் கிரீஸ் கட்டைவிரல் ரேகை, வரி வரியாகத் தெளிவாக இருக்கிறது. அட்டையின் பின்பக்கம் யாரோ டீ கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

மேட்டுப்பாளையம்_பட்டறை

வாஷர்தான்! குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் அதைத் தாண்டும். வாஷர் போன மூடியோடு ஏறினால் பர்லியாரில் குரங்குக்கும் மங்குஸ்தான் கடைக்கும் நடுவே நின்று ஆவி விட வேண்டியதுதான். பாதிப் பேர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்வார்கள். அந்த மெக்கானிக் கெட்டிக்காரர்.

காகிதப்பித்தன்

மேலே இருக்கும் இரண்டு பதிவையும் படித்தீர்களா? பெங்களூர்க்காரர் வேண்டாம் என்று ஒதுக்கிய காகிதத்தில் ஒரே ஒரு அட்டை வெளியே வந்தது. மலைச்சாலை, வண்டியின் பலவீனம், ஒரு தொழிலாளியின் அறிவு, டீ கணக்கு எல்லாம் அதில் வந்துவிட்டது. இதை எந்த பேட்ஜ் சொல்லும்?

நான் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் 1903-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் கம்பெனி, 1963-இல் அந்தப் பெயரில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அங்கே எல்லாமே டிரையம்ப் என்ற பெயரில்தான். ஆனால் 1948-இல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து அதே பெயரில் 1988 வரை தள்ளியது. பிறந்த ஊரில் செத்துப்போன பெயர் நம்மூரில் இன்னும் கால் நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது.

ஹெரால்டும் அப்படித்தான். 1959 ஏப்ரலில் லண்டனில் அறிமுகம் ஆனபோது அது டிரையம்ப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் மிகெலோட்டி. பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதால், தனி அடிச்சட்டம் (சேஸி) போட்டு, சிறு சிறு பாகங்களாகப் பல இடத்தில் செய்து போல்ட் போட்டு இணைக்கும்படி வடிவமைத்தார்கள். அங்கே அது வேறு வழியில்லாமல் செய்தது. தகடு அழுத்தும் பெரிய பிரஸ் இல்லாத சிறு தொழிற்சாலைகளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இங்கே வந்தது. இங்கிலாந்தில் எஞ்சினைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள், இங்கே கடைசி வரை 948 சி.சி.தான். ஆனால் அவர்கள் செய்யாத ஒன்றை நம்மவர்கள் செய்தார்கள். நான்கு கதவு மார்க் 3 நம்மூரில் மட்டும்தான் வந்தது. பின்னால் வந்த கெஸலும் அப்படியே.

இப்போது யோசியுங்கள். டிரையம்ப் ஹெரால்டின் கையேடு வேண்டுமென்றால் இங்கிலாந்தில் கிளப்புகள் இருக்கின்றன, மறுபதிப்பு கிடைக்கிறது. மார்க் 3-இன் பின்கதவுப் பூட்டுக்கு அங்கே யாரிடம் படம் இருக்கும்? அந்தக் கதவே அவர்கள் பார்த்ததில்லை. மெட்ராஸில் அச்சடித்து டீலர்களுக்கு அனுப்பிய தாள்தான் ஒரே ஆதாரம். கம்பெனியே இல்லாதபோது அந்தத் தாளை வேறு யார் வைத்திருப்பார்கள்? உங்கள் பெரியப்பா போன்ற ஸ்டோர் கீப்பர்கள்தான்.

பேட்ஜ் ஒன்று போனால் இன்னொன்று எங்காவது காயலான் கடையில் கிடைக்கும். சுற்றறிக்கை போனால் போனதுதான்.

பழையஇரும்பு

காகிதம் முக்கியம்தான், யார் இல்லை என்றது? அதற்காக உலோகத்தை மட்டம் தட்ட வேண்டியதில்லை. ஹெரால்டு பானட் எழுத்துகளை எத்தனை வண்டியிலிருந்து சின்னப் பையன்கள் பிடுங்கியிருப்பார்கள் தெரியுமா? முழு செட் கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் பத்து வருடமாக ஒரு ஆங்கில N எழுத்துக்கு அலைகிறேன். கூட்டத்தைச் சேர்ப்பதும் பளபளக்கிற பொருள்தான். கண்காட்சியில் ஜாப் கார்டை வைத்தால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்?

ஹட்டிப்பையன்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) ஒரே ஒரு கார் இருந்தது, வெள்ளை ஹெரால்டு. எங்கள் தாத்தாவின் பங்காளி வீட்டுடையது. கல்யாணத்துக்கும் அதுதான், பிரசவத்துக்கும் அதுதான், அவசரத்துக்குப் பச்சை இலை மூட்டையைப் பின்சீட்டில் திணித்து டீ ஃபேக்டரிக்குப் போனதும் அதுதான். ஆட்கள் ஏறினால் சீட்டெல்லாம் இலை வாசம். பின்னால் ஜீப் வந்ததும் அதைத் தோட்டத்து ஷெட்டில் விட்டார்கள், மேலே கொடி படர்ந்துவிட்டது. அந்த ஷெட்டில் எழுத்துகள் இருக்கிறதா என்று பார்க்கிறேன் பழையஇரும்பு அண்ணா.

பழையஇரும்பு

தம்பி நீ நன்றாயிருப்பாய். N மட்டும் போதும். ஸ்டாண்டர்டில் நடுவில் ஒன்று இருக்கும்.

குரோம்காரர்

சேலத்தில் முலாம் போடும் தொழில். ஒரு யோசனை: விற்பதற்கு முன் எல்லா பேட்ஜையும் குரோம் போட்டுவிடுங்கள். விலை இரண்டு மடங்கு வரும்.

பழையஇரும்பு

ஐயோ, வேண்டாம்! குரோம்காரர் அண்ணா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் காலத்து பேட்ஜ்களில் பாதி துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மேலே குரோம் நன்றாக இருப்பதுபோல் தெரியும், அடியில் துத்தநாகம் அரித்து அம்மைக் கொப்புளம் மாதிரி புடைத்திருக்கும். பழைய முலாமை எடுக்க ஆசிடில் போட்டால் அந்தக் கொப்புளங்கள் குழியாகும். குழியை அடைக்கச் செம்பு ஏற்றி, தேய்த்து, நிக்கல், குரோம் என்று மூன்று பூச்சு போட்டு வரும்போது எழுத்தின் விளிம்பெல்லாம் மழுங்கி சோப்புக்கட்டி ஆகிவிடும். பின்பக்கத்துப் பார்ட் நம்பரும் போகும். அதுதான் அசல் என்பதற்கு அடையாளமே.

இப்போது போலிகள் நிறைய வருகின்றன. வார்ப்பு பேட்ஜுக்குப் பின்னால் அதோடு சேர்ந்தே வார்த்த ஆணிகள் இருக்கும், நம்பர் புடைத்து நிற்கும். போலியில் பின்பக்கம் வழுவழுப்பு, சிலதில் இரட்டைப் பக்க டேப். வாங்குகிறவன் முதலில் திருப்பித்தான் பார்ப்பான்.

எனாமல் பேட்ஜ் வேறு கதை. அது உலோகத்தின் மேல் கண்ணாடித்தூளைத் தூவி 800 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டு உருக்கியது. நிறம் மங்கவே மங்காது. ஆனால் வளைத்தால் சில்லு தெறிக்கும். தெறித்த இடத்தில் நெயில் பாலிஷ் பூசாதீர்கள், நிறைய பேர் பூசுகிறார்கள். ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மெல்லிய மெழுகு போதும். பித்தளை பாலிஷ் போட்டு வாரா வாரம் தேய்ப்பதும் வேண்டாம், ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் போகும்.

குரோம்காரர்

தொழிலைக் கெடுக்கிறீர்களே அண்ணா. சரி, துத்தநாகம் பற்றிச் சொன்னது உண்மை. நானும் அதைக் கையில் வாங்கினால் பொறுப்பு உங்களுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போடுவேன். பித்தளை என்றால் மட்டும் அனுப்புங்கள்.

ஊட்டிநூலகர்

யாரும் பூசணத்தைப் பற்றிப் பேசவில்லை. விற்பது, கொடுப்பது எல்லாம் அப்புறம். இப்போது பிடிக்காவிட்டால் அடுத்த மழைக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

குன்னூருக்கு ஊட்டியைவிட இது கஷ்டம். ஊட்டியின் மேற்குப் பக்கம் ஆடி, ஆவணியில் நனையும், உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் அடித்துப் பெய்யும். மழை விட்டதும் குளிர்காலம், காயவே காயாது.

பூசணம் பிடித்த கட்டுகளை முதலில் தனியே எடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைக்காதீர்கள், தேய்ந்து உள்ளே இறங்கும். வெயில் நேராகப் படாத, காற்று வருகிற இடத்தில் விரித்து உலரவிடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் மென்மையான பிரஷ்ஷால் வாசல் பக்கம் பார்த்துத் தட்டிவிடுங்கள். ஸ்டேப்ளர் பின், குண்டூசி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். துரு காகிதத்தைத் தின்னும்.

லேமினேட் செய்யவே கூடாது. திரும்ப எடுக்க முடியாது. கடையில் விற்கிற மலிவான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாளாக நாளாக அது வியர்த்து அச்சு மையைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அமிலம் இல்லாத காகித உறை.

முன்பெல்லாம் மலையில் எல்லா வீட்டிலும் அலமாரிக்குள் 40 வாட்ஸ் குண்டு பல்பு எரியும், அந்தச் சூடு ஈரத்தை விரட்டும். இப்போது எல்.இ.டி. போட்டுவிட்டு, பல்பு எரிகிறதே என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதில் அந்தச் சூடு கிடையாது. மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீலக் குருணை இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், ஓவனில் 120 டிகிரியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். உள்ளே ஒரு ஈரப்பத மீட்டர் வையுங்கள், 50 சதவீதம் பக்கம் நின்றால் நிம்மதி.

காகிதப்பித்தன்

ராமபாணப் பூச்சிக்கு எங்கள் பாட்டி நீலகிரித் தைலம் தெளிப்பார்.

ஊட்டிநூலகர்

பாட்டியை மதிக்கிறேன். காகிதத்தின் மேல் தெளித்தால் எண்ணெய்க் கறை. பஞ்சில் நனைத்து அலமாரி மூலையில் வைத்தால் போகட்டும், அதுவும் வாசனைக்குத்தான். ராமபாணம் ஈரத்துக்குத்தான் வருகிறது. ஈரம் போனால் தானே போய்விடும்.

கோவைவாசி

மொத்தமாகக் கொடுக்க வேண்டுமென்றால் இடங்கள் இருக்கின்றன. கோவையில் அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் 2015-இல் திறந்தார்கள், பழைய கார் பிரியர்கள் எல்லோரும் போகிற இடம். வடக்கே குர்கான் பக்கம் தாவுருவில் ஒரு பெரிய போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது, விளம்பரம், பொம்மை கார் எல்லாம்கூட வைத்திருக்கிறார்கள். அச்சுக் காகிதம் மட்டும் என்றால் சென்னை ரோஜா முத்தையா நூலகம்.

கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

காகிதப்பித்தன்

கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள். பொதுவாகச் சொல்கிறேன், எந்த இடமாக இருந்தாலும் பளபளப்பான பத்துப் பொருள் கண்ணாடிக்குப் பின்னால் போகும், மீதி குடோனுக்குப் போகும். பட்டியல் போட்டு வாங்குவார்களா, ஆராய்கிறவருக்குக் காட்டுவார்களா, இடம் போதாவிட்டால் திருப்பிக் கொடுப்பார்களா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

பெங்களூர்வியாபாரி

நான் சாரல்குன்னூர் சொன்ன ஆள் இல்லை, ஆனால் அதே தொழில். காகிதத்தை ஏன் வாங்குவதில்லை என்று சொல்கிறேன். பேட்ஜை ஒரு படம் போட்டால் சாயங்காலத்துக்குள் போய்விடும். ஜாப் கார்டு வாங்க ஆள் கிடைக்க வருடம் ஆகும். எனக்குக் கடை வாடகை இருக்கிறது. விளம்பரத் தாளும் ஓனர் கையேடும் விலை போகும், அதை வேண்டாம் என்று அவர் சொன்னது ஆச்சரியம்தான். ஒருவேளை இரண்டாம் தடவை வந்து சும்மா கேட்கலாம் என்று நினைத்திருப்பார்.

வெளிநாட்டு ஆட்களும் கேட்பார்கள். ஸ்டாண்டர்ட் 2000 இங்கிலாந்தின் ரோவர் காருடைய இந்திய வடிவம், உள்ளே பழைய வான்கார்டு வழி எஞ்சின். 1985-இல் வந்து மூன்றே வருடத்தில் மூடினார்கள். மிச்சமிருந்த உதிரி பாகங்களை இங்கிலாந்துக் கடை ஒன்று அள்ளிக்கொண்டு போனது. அவர்கள் ரோவருக்கு அது பொருந்துமே! ஆகவே அந்த வண்டியின் சாமான் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

கோவைவாசி

வெளிநாட்டுக்கு அனுப்ப சட்டச் சிக்கல் உண்டா?

ஊட்டிநூலகர்

1972 தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 வருடத்துக்கு மேற்பட்ட பொருளுக்கு. ஹெரால்டு அந்த வயதுக்கு வர இன்னும் நாள் இருக்கிறது.

மேட்டுப்பாளையம்_பட்டறை

எல்லோரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். பெரியவர் இருக்கும்போதே போனில் ரெக்கார்டு போட்டு, ஒவ்வொன்றையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். இது எந்த வண்டி, யார் கொடுத்தது, எதற்கு வைத்தீர்கள் என்று. ஸ்டோர் கீப்பருக்குப் பார்ட் நம்பர் ஜாதகம் மாதிரி மனப்பாடம் இருக்கும். அவருக்குப் பிறகு அது வெறும் இரும்பு.

சாரல்குன்னூர்

இரண்டு வாரமாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வேலை நடந்துகொண்டிருந்தது.

அவரால் மாடி ஏற முடியாததால் பெட்டிகளைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்தேன். நூலகர் சொன்னபடி காகிதங்களைக் கயிற்றுக்கட்டிலில் விரித்தோம். பெரியம்மா முதல் நாள் திட்டினார், இரண்டாம் நாள் பின் எடுக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். துருப்பிடித்த பின்னே ஒரு டப்பா சேர்ந்திருக்கிறது.

ஒரு வீல் கப்பைக் கையில் கொடுத்ததும் பெரியப்பா பேச ஆரம்பித்தார், மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டிப் போயிற்று. உடைந்த கெஸல் பேட்ஜைப் பற்றிக் கேட்டேன். "வண்டி பிடிக்கலைன்னு டாக்டர் ஒருத்தர் ஸ்டோர் கவுண்ட்டர்ல வீசி எறிஞ்சாரு. பொறுக்கி வெச்சேன்" என்றார். ஏன் வைத்தீர்கள் என்றதற்கு, "நம்ம கவுண்ட்டர்ல விழுந்த சாமான், கணக்குல வராம இருக்குமா?" என்று கேட்டார்.

ஒன்று தெளிவாகிவிட்டது. அவர் அறையில் எல்லாமே ஜோடியாகத்தான் இருக்கிறது. பேட்ஜின் பின்னால் இருக்கும் நம்பர் பார்ட்ஸ் லிஸ்டில் டிக் அடிக்கப்பட்டிருக்கிறது. பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் கட்டியிருக்கும் சீட்டில் ஜாப் கார்டு எண் எழுதியிருக்கிறார். பிரித்தால் இரண்டு பக்கமும் பாதிதான் மிஞ்சும். அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். "சரி, அவர் இஷ்டம்" என்று மட்டும் பதில் வந்தது. பெங்களூர்க்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

அருங்காட்சியகத்துக்கு எழுதுவது ஸ்கேன் முடிந்த பிறகுதான். பட்டியல் இல்லாமல் ஒரு ஸ்பேனர்கூட வெளியே போகாது என்று பெரியப்பா உத்தரவு.

பழையஇரும்பு

எனக்கு வருத்தம்தான், ஆனால் நியாயம். அந்தச் சீட்டு கட்டிய மூடியை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள்.

ஹட்டிப்பையன்

ஷெட்டில் பார்த்தேன். எஸ், டி இரண்டும்தான் மிச்சம். N இல்லை. மன்னிக்கணும் அண்ணா.

பழையஇரும்பு

எந்த டி? முன் டியா, கடைசி டியா?

ஹட்டிப்பையன்

பானட்டில் எஸ்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆங்கில எழுத்தில் குறுக்குக்கோடு போட்ட டீ.

மேட்டுப்பாளையம்_பட்டறை

தம்பி சாரல், ஸ்கேன் போடும்போது ஒரு உதவி. மார்க் 3 லிஸ்ட் இருந்தால் பின்கதவுப் பூட்டுப் பக்கத்தை முதலில் போட முடியுமா? பட்டறையில் ஒரு வண்டி அந்தப் பூட்டுக்காகவே நிற்கிறது. இடதுபக்கக் கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

சாரல்குன்னூர்

கேட்டேன் அண்ணா. நீல அட்டை லிஸ்ட்தான் மார்க் 3 என்றார். பூட்டுக்கு இடது, வலது தனித்தனி நம்பர், மாற்றி வாங்கிவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். பக்கத்தின் ஓரம் கொஞ்சம் பூசணம், நம்பர் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுகிறேன்.